சப்ஸ்டிட்யூட் ராஜாவும் ஏழடிப் பையனும்

கூடைப்பந்தைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். ஆனால் காரைக்கால்காரன் எதைப் பற்றி எழுத உட்கார்ந்தாலும் பிரெஞ்சுக்காரன் குறுக்கே வந்துவிடுவான். வந்தவனை வாசலில் நிற்கவைப்பது மரியாதை இல்லை. ஆகவே அவனிடமிருந்தே தொடங்குகிறேன். ஏழடி இரண்டு அங்குலப் பஞ்சாபிப் பையன் கொஞ்ச நேரம் பெஞ்சில் உட்கார்ந்திருக்கட்டும். அவனுக்கு அது பழக்கம்தான்.

தஞ்சாவூரில் துக்கோஜி மகாராஜா 1736இல் கண்ணை மூடினார். அதற்கப்புறம் மூன்று வருடத்துக்கு அந்தச் சிம்மாசனத்தில் ஒருவர் உட்கார்ந்த சூடு ஆறுவதற்குள் அடுத்தவர் உட்கார்ந்தார். ஒரு ஏகோஜி, ஒரு ராணி சுஜான் பாய், ஒரு சாகுஜி, கடைசியில் பிரதாப் சிங். இந்த வரிசையில் என் அபிமான நட்சத்திரம் சாகுஜி. வாழ்நாள் முழுக்க சப்ஸ்டிட்யூட்டாகவே இருந்து, களத்தில் இறங்கிய கொஞ்ச நேரத்திலும் உருப்படியாக ஒன்றும் செய்யாமல், ஆனால் தன்னை வைத்து இரண்டு வெள்ளைக்காரக் கம்பெனிகளை டெல்டாவுக்குள் குடியேற்றிய பெருமை வேறு யாருக்கு உண்டு?

1738இல் சொந்தக்காரர்கள் விரட்டிவிட, சாகுஜி சிதம்பரத்தில் ஒதுங்கியிருந்தார். கையில் பணமில்லை, படையில்லை. இருந்த சொத்து ஒன்றே ஒன்று: தான் மறுபடி ராஜாவானால் எடுத்துக் கொடுக்கக்கூடிய ஊர்கள். புதுச்சேரி கவர்னர் துய்மாவுக்கு ஆள் அனுப்பினார். பணமும் துப்பாக்கியும் மருந்தும் கொடுத்தால், காரைக்காலையும் பக்கத்துக் கோட்டையையும் சுற்றியுள்ள சில கிராமங்களையும் எழுதித் தருவதாகச் சொன்னார். கையில் இல்லாத அதிகாரத்தை வைத்து, அடுத்தவன் கையில் இருக்கிற ஊரை விற்றவர். இன்றைய மனைப் புரோக்கர்கள் இவர் படத்தை மாட்டிக் கும்பிடலாம்.

துய்மா கப்பலைத் தயார் செய்துகொண்டிருந்தார். அதற்குள் சாகுஜி எதிராளியின் ஆட்களுக்குக் கையூட்டுக் கொடுத்து, தானே சிம்மாசனம் ஏறிவிட்டார். ஏறின பிறகு காரைக்காலாவது, ஒன்றாவது? நாகப்பட்டினத்தில் கடை விரித்திருந்த டச்சுக்காரர்களும் பிரெஞ்சுக்காரனைப் பக்கத்தில் விடாதே என்று காதைக் கடித்தார்கள். ராஜா பேச்சு மாறினார். கப்பலில் வந்தவர்கள் கடலைப் பார்த்தபடி நின்றார்கள்.

அப்போது திருச்சியைப் பிடித்து வைத்திருந்த சந்தா சாகிப்புக்குத் தஞ்சாவூர்மேல் ஒரு கண். பிரெஞ்சுக்காரர்களின் தயவும் வேண்டியிருந்தது. ‘இவ்வளவுதானே, நான் பிடித்துத் தருகிறேன்’ என்கிற மாதிரி ஆளை அனுப்பிக் காரைக்காலைப் பிடித்துக் கொடுத்துவிட்டார். 1739 பிப்ரவரி 14 அன்று பிரெஞ்சுக் கொடி ஏறியது. இன்று அதே தேதியில் ரோஜாப்பூ விற்கிறார்கள். எங்கள் ஊரின் காதலர் தினப் பரிசு வேறு மாதிரி.

அதிலிருந்து காரைக்கால் அணி மாறியதைக் கேளுங்கள். 1760இல் இங்கிலீஷ்காரன் பறித்தான். 1765இல் திருப்பிக் கொடுத்தான். 1778இல் மறுபடி பறித்தான், 1785இல் கொடுத்தான், 1793இல் திரும்பவும் பறித்தான், 1817இல்தான் கடைசியாகக் கொடுத்தான். 1954 அக்டோபரில் கீழூரில் 178 பிரதிநிதிகள் கூடி ஓட்டுப் போட்டதில் 170 பேர் இந்தியா என்றார்கள். நவம்பர் 1 அன்று நிர்வாகம் கைமாறியது. பிரெஞ்சுக்காரர்கள் காகிதத்தை முறைப்படி முடித்துக் கொடுக்க 1962 ஆகஸ்ட் 16 ஆயிற்று. எந்த விளையாட்டிலும் எந்த லீகிலும் இத்தனை தடவை கைமாறிய ஆட்டக்காரனை எனக்குத் தெரியாது.

ஆனால் எந்தக் கொடி பறந்தாலும் ஒன்று மட்டும் மாறவில்லை. பெரிய அணி புதுச்சேரி, சின்ன அணி காரைக்கால். இன்றைக்கும் அப்படித்தான். முடிவெடுக்கிற மேஜை நூற்று முப்பது கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது, நடுவில் முழுக்க இன்னொரு மாநிலம். சின்ன அணிக்கென்று சில சலுகைகள் உண்டு. நாகப்பட்டினம், மயிலாடுதுறைப் பக்கத்து நண்பர்கள் அந்தச் சலுகைகளைத் தேடித்தான் சாயங்காலங்களில் பைக்கில் வருகிறார்கள். அதை விரித்துச் சொல்ல வேண்டியதில்லை.

அமெரிக்காவில் இந்தச் சின்ன அணி, பெரிய அணி ஏற்பாட்டைக் கூடைப்பந்துக்குச் செய்தார்கள். என்பிஏ என்கிற பெரிய லீக், 2001இல் தென்கிழக்கு மாநிலங்களில் எட்டே அணிகளோடு ஒரு குட்டி லீகைத் தொடங்கியது. பிறகு அதற்கு டி லீக் என்று பெயர். 2017இல் ஒரு பானக் கம்பெனி காசு கொடுத்ததால் டி போய் ஜி வந்தது. கொள்கை ரொம்ப எளிமை. கத்துக்குட்டி ஒருவனைப் பெரிய அணி எடுத்துவைத்திருக்கிறது. உயரம் இருக்கிறது, கை நீளம் இருக்கிறது, ஆட்டம் இன்னும் வரவில்லை. பெரிய மைதானத்தில் இறக்கினால் மானம் போகும். பெஞ்சிலேயே வைத்திருந்தால் துருப்பிடிக்கும். ஆகவே குட்டி அணிக்கு அனுப்பு, நாற்பது பேர் பார்த்தாலும் நாலாயிரம் பேர் பார்த்தாலும் தப்புத் தப்பாக ஆடட்டும், ஆடி ஆடித் தேறட்டும். பிறகு கூப்பிட்டுக்கொள்.

இதைக் கண்டுபிடித்தது அமெரிக்காக்காரன் என்று சொன்னால் எனக்குச் சிரிப்பு வருகிறது. பதினெட்டாம் நூற்றாண்டிலேயே எங்கள் கடற்கரையில் இது நடந்தது.

முதல் உதாரணம் முசே பராதி. சுவிட்சர்லாந்துக்காரர். கடலே இல்லாத நாட்டில் பிறந்து, கடல் வியாபாரக் கம்பெனியில் எஞ்சினியராகச் சேர்ந்தவர். பெரிய குடும்பம் இல்லை, பிரபு வம்சம் இல்லை, பிரெஞ்சுக்காரரே இல்லை. புதுச்சேரியில் இருந்தால் பெரிய துரைகளுக்குப் பின்னால் குடை பிடித்தே காலம் போயிருக்கும். காரைக்கால் நிர்வாகம் இவர் கைக்கு வந்தது. குட்டி ஊர் என்றால் எல்லா வேலையும் ஒரே ஆளுடையது. சுவர், பீரங்கி, சிப்பாய்களின் சம்பளம், தஞ்சாவூர்க்காரர்களோடு தீராத வாய்த்தகராறு. புதுச்சேரி துபாஷ் ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பைப் புரட்டினால் இந்த முசே பராதி அடிக்கடி வருவார். பிள்ளைக்கு அவரை அவ்வளவாகப் பிடிக்காது என்பதும் தெரியும்.

1746இல் பெரிய ஆட்டம் வந்தது. கடற்படையோடு வந்த லா பூர்தொனே சென்னைப்பட்டணத்தைப் பிடித்துவிட்டு, பணத்துக்குத் திருப்பிக் கொடுப்பதாக இங்கிலீஷ்காரர்களிடம் எழுதியும் கொடுத்துவிட்டார். அப்போதைய புதுச்சேரி கவர்னர் துய்ப்ளேக்கு வயிறு எரிந்தது. ஆற்காட்டு நவாபு அன்வருதீனோ, பிடித்த ஊரை எனக்குத் தருவதாகச் சொன்னீர்களே என்று மகன் மாபூஸ் கானைப் பெரும்படையோடு அனுப்பினார். புதுச்சேரியிலிருந்து கூடுதல் ஆட்களோடு சென்னைக்கு நடந்துபோய்க்கொண்டிருந்த பராதிக்கு அடையாற்றங்கரையில் வழி மறிக்கப்பட்டது. எதிர்க்கரையில் சுமார் பத்தாயிரம் பேர், பீரங்கிகளோடு. இவர் பக்கம் ஐரோப்பியர் இருநூற்றுச் சொச்சம், சிப்பாய்கள் எழுநூறு சொச்சம். பீரங்கி ஒன்றுகூட இல்லை.

இந்த இடத்தில் பெரிய ராணுவப் பள்ளியில் படித்தவன் என்றால் பின்வாங்கி, கூடாரம் அடித்து, வரைபடம் விரித்திருப்பான். பராதி ஆற்றில் இறங்கிவிட்டார். நவாபு படையின் பீரங்கிகள் ஒருமுறை வெடித்தால் அடுத்த முறை வெடிக்கக் கால்மணி நேரம் ஆகும். அதையே அவர்கள் சாமர்த்தியம் என்று நினைத்திருந்தார்கள் என்று அந்தக் காலத்துச் சரித்திரக்காரர் ராபர்ட் ஓர்ம் எழுதிவைத்திருக்கிறார். தண்ணீரைக் கடந்து கரையேறின ஆட்கள் ஒரு வரிசை சுட, பிறகு துப்பாக்கிமுனைக் கத்தியோடு நேராகப் பாய்ந்தார்கள். பத்தாயிரம் பேரும் சாந்தோம் தெருக்களுக்குள் முட்டிமோதி ஓடினார்கள். தென்னிந்தியாவில் கம்பெனிப் படைகளை மதிக்கவேண்டும் என்று ராஜாக்களுக்கும் நவாபுகளுக்கும் உறைத்தது அன்றைக்குத்தான். யானை சைஸில் ஒரு படையை எறும்பு சைஸில் ஒரு படை அடித்தது என்றால், அந்த எறும்பு எங்கள் அரசலாற்றங்கரையில் பயிற்சி எடுத்தது என்று சொல்லிக்கொள்ள எங்களுக்கு உரிமை உண்டு. அப்புறம் எங்களுக்கு வேறு என்ன இருக்கிறது?

பராதி அதோடு நிற்கவில்லை. லா பூர்தொனே எழுதிக்கொடுத்த பேரம் செல்லாது என்று அறிவித்தார். இங்கிலீஷ் பெரியவர்களைப் புதுச்சேரித் தெருக்களில் ஊர்வலம் விட்டார்கள். பேரம் செல்லாது என்றானபின் கைதிகளாக நாங்கள் கொடுத்த வாக்கும் செல்லாது என்று சில இங்கிலீஷ் இளைஞர்கள் வேஷம் போட்டுக்கொண்டு சென்னையிலிருந்து நழுவி, கடலூர்ப் பக்கம் செயின்ட் டேவிட் கோட்டைக்கு ஓடினார்கள். அவர்களில் ஒருவன் ராபர்ட் கிளைவ். பதினெட்டு வயதில் வந்திறங்கி, குமாஸ்தா மேஜையில் உட்கார்ந்து, துணி மூட்டைக் கணக்கு எழுதி எழுதி வெறுத்துப்போனவன். இப்போது மேஜையும் போயிற்று, கணக்கும் போயிற்று. சிப்பாய் வேலைக்கு மனுப்போட்டான். சுருக்கமாகச் சொன்னால், காரைக்கால் வளர்த்துவிட்ட ஆள் செய்த வேலையால்தான் பிரெஞ்சு ஆட்சிக்கே உலைவைக்கப் போகிறவன் பேனாவைப் போட்டுவிட்டுக் கத்தி எடுத்தான். எங்கள் ஊர் செய்த உதவி எப்போதும் இந்த மாதிரிதான் முடியும்.

பராதி 1748இல் இங்கிலீஷ் கடற்படைத் தளபதி பாஸ்கவன் புதுச்சேரியை முற்றுகையிட்டபோது வெளியே பாய்ந்து தாக்கப்போய்க் குண்டடிபட்டு இறந்தார்.

கிளைவ் என்கிற கத்துக்குட்டிக்கும் ஒரு குட்டி மைதானம் வேண்டுமே. அதைக் கொடுத்தவர் யார் தெரியுமா? நம் சப்ஸ்டிட்யூட் ராஜா சாகுஜியேதான். பத்து வருடம் ஆகியிருந்தது, சிம்மாசனத்தில் பிரதாப் சிங் சவுக்கியமாக இருந்தார். சாகுஜி இப்போது இங்கிலீஷ்காரர்களிடம் போய் அதே பழைய பல்லவியைப் பாடினார். எனக்குச் சிம்மாசனம், உங்களுக்கு ஒரு கோட்டை. இந்தமுறை விற்பனைக்கு வந்தது தேவிக்கோட்டை, காரைக்காலுக்கு வடக்கே கொள்ளிடம் கடலில் விழுகிற இடத்தில்.

1749 ஏப்ரலில் போன முதல் படைக்குக் கடலில் புயல், கரையில் பட்டினி, கோட்டையில் அடி. சாகுஜியை வரவேற்க ஊரே திரண்டு வரும் என்று சொல்லியிருந்தார்கள்; ஒரு ஈ காக்கை வரவில்லை. ஜூனில் லாரன்ஸ் தலைமையில் மறுபடி போனார்கள். கப்பல் தச்சன் ஜான் மூர் ஒரு பெரிய தெப்பம் கட்டினான். ராத்திரி அவனே ஆற்றை நீந்திக் கடந்து, எதிர்க்கரையில் ஒரு மரத்தில் கயிற்றைக் கட்டிவிட்டு வந்தான். அந்தக் கயிற்றைப் பிடித்துத் தெப்பத்தை இழுத்துப் படை கரையேறியது. சுவரில் ஓட்டை விழுந்ததும், முதலில் நான் போகிறேன் என்று கேட்டு வாங்கிக்கொண்டான் கிளைவ். கூட 34 வெள்ளைக்காரர்கள், பின்னால் எழுநூறு சிப்பாய்கள். பின்னால் வரவேண்டிய சிப்பாய்கள் வாய்க்காலோடு நின்றுவிட்டார்கள். முன்னால் போனவர்கள் திரும்பிப் பார்ப்பதற்குள் கோபுர மறைவிலிருந்து தஞ்சாவூர்க் குதிரைப்படை பாய்ந்து 26 பேரை வெட்டிச் சாய்த்தது. ஓங்கிய வாளுக்குப் பக்கவாட்டில் விலகித்தான் கிளைவ் பிழைத்தான்.

கூடைப்பந்துக் கோச் பார்த்திருந்தால் எழுதியிருப்பார்: துணிச்சல் நிறைய, பின்னால் யார் வருகிறார்கள் என்று பார்க்கும் வழக்கம் இல்லை, தொடர்ந்து ஆடவிடவும். லாரன்ஸ் அதைத்தான் செய்தார். திட்டி வீட்டுக்கு அனுப்பவில்லை. கோட்டை பிடிபட்டது. இரண்டு வருடம் கழித்து ஆற்காட்டுக் கோட்டைக்குள் ஐம்பது நாள் முற்றுகையைத் தாக்குப்பிடித்த கிளைவ், தேவிக்கோட்டையில் தப்பாக ஆடிப் பழகின கிளைவ்தான்.

சாகுஜி? இங்கிலீஷ்காரர்கள் தேவிக்கோட்டையை வைத்துக்கொண்டு, பிரதாப் சிங்கோடு ராசியாகி, சாகுஜிக்கு வருடம் நாலாயிரம் ரூபாய் பென்ஷன் வாங்கிக் கொடுத்து ஓரமாக உட்காரவைத்தார்கள்.

குட்டி மைதானத்தில் ஆடாமல் நேரே வந்த நட்சத்திரத்துக்கு என்ன ஆகும் என்பதற்கும் எங்கள் பக்கத்திலேயே உதாரணம் இருக்கிறது. 1758 ஏப்ரலில் வந்திறங்கிய பிரெஞ்சுத் தளபதி லாலி பிரபு. ஐரோப்பாவில் ஃபோந்தெனுவா யுத்தத்தில் பேர்வாங்கின வீரர். இந்தியாவைப் பற்றி அவருக்குத் தெரிந்தது, அங்கே இருக்கிற பிரெஞ்சுக்காரர்கள் எல்லாரும் திருடர்கள் என்பது மட்டும். செயின்ட் டேவிட் கோட்டையை ஜூனில் பிடித்துவிட்டார், அது உண்மை. பிறகு கஜானாவில் காசில்லை என்றதும், தஞ்சாவூர் ராஜா சந்தா சாகிப் காலத்தில் எழுதிக்கொடுத்த 56 லட்ச ரூபாய்ப் பத்திரத்தைத் தூக்கிக்கொண்டு வசூலுக்குக் கிளம்பினார். கந்துவட்டிக்காரன்கூட வழிச்செலவுக்கு அரிசி கட்டிக்கொண்டு போவான். லாலி அதுகூடக் கட்டவில்லை. மாடு இல்லை, வண்டி இல்லை. தேவிக்கோட்டைக்கு வந்து சேர்ந்த சோல்ஜர்களுக்குக் கிடைத்தது நெல். நெற்களஞ்சியத்தின் நடுவில் நின்றுகொண்டு, குத்திப் புடைக்க உலக்கை இல்லாமல், பசி தாங்காமல் கோட்டைக்குள் இருந்த குடிசைகளுக்குத் தீ வைத்தார்கள். டெல்டாவில் சோறில்லாமல் கலவரம் செய்த முதல் படை அதுவாகத்தான் இருக்கும்.

காரைக்கால் வழியாக நாகூர், அங்கிருந்து கீழ்வேளூர். கோயிலில் புதையல் இருக்கும் என்று குளத்தைத் தோண்டினார்கள், கிடைத்த விக்கிரகங்களும் காசாகவில்லை. உளவு பார்த்தார்கள் என்று சொல்லிக் கோயில் பிராமணர்களைப் பீரங்கி வாயில் கட்டிச் சுட்டார் லாலி. இந்த இடத்தில் எனக்குச் சிரிப்பு வருவதில்லை. ஊரார் ஒரு படிச் சோறு போடக்கூட யோசித்ததற்கு வேறு காரணம் தேட வேண்டாம் என்பதற்காகச் சொல்கிறேன். தஞ்சாவூரை முற்றுகையிட்டுக்கொண்டிருந்தபோது, ஆகஸ்ட் 3 அன்று கடலில் பிரெஞ்சுக் கப்பல்கள் அடிவாங்கின, இங்கிலீஷ் கப்பல்கள் காரைக்காலுக்கு எதிரே நிற்கின்றன என்று சேதி வந்தது. மருந்தும் தீர்ந்துகொண்டிருந்தது. வந்த வழியே காரைக்காலுக்கு ஓட்டம். 1766இல் பாரிசில் லாலியின் தலையை வெட்டினார்கள். ஆறு மாதம் காரைக்காலில் நெல்கணக்குப் பார்க்க விட்டிருந்தால் தலை தப்பியிருக்கும் என்பது என் அபிப்பிராயம்.

இப்போது பையனைக் கூப்பிடலாம்.

சத்னாம் சிங் பமாரா. பஞ்சாபில் பர்னாலா பக்கம் பல்லோ கே என்கிற கிராமம். 1995இல் பிறந்தவன். அப்பா விவசாயி, அவரும் ஏழடிதான். வீட்டில் நிலைப்படி உடைந்தாலும் ஆச்சரியம் இல்லை. லூதியானா கூடைப்பந்து அகாடமியில் சேர்த்தார்கள். அங்கே தலைமைக் கோச் டாக்டர் சங்கரன் சுப்ரமணியன். பெயரைக் கேட்டதும் நமக்கு ஃபில்டர் காபி மணக்கும், ஆனால் பஞ்சாபின் நெட்டையர் கூட்டத்தையே கூடைப்பந்துக்காரர்களாக மாற்றினவர் அவர்தான். சத்னாமை அவர் கையில் பார்த்த அமெரிக்காக்காரர்கள் 2010இல் ஃபுளோரிடாவில் இருக்கும் ஐஎம்ஜி அகாடமிக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். பதினாலு வயசு. இங்கிலீஷ் தெரியாது. உயரம் மட்டும் தெரிந்தது.

2015 ஜூனில் என்பிஏ டிராஃப்ட், அதாவது அணிகள் முறைபோட்டுப் புது ஆட்டக்காரர்களை எடுக்கும் நாள். டல்லஸ் மாவரிக்ஸ் 52ஆவது ஆளாக அவன் பெயரைக் கூப்பிட்டது. இந்தியாவில் பிறந்த ஒருவனுக்கு அந்த மேடையில் பெயர் வந்தது அதுதான் முதல் முறை. இங்கே டிவிக்காரர்கள் குதித்த குதியில், நாளைக்கே பையன் லெப்ரான் ஜேம்ஸைத் தலையில் தட்டிவிட்டு வருவான் என்று தோன்றியது. நூற்றுச் சொச்சம் கோடிப் பேரின் சந்தை திறந்தது என்று அங்கேயும் சந்தோஷம். சாகுஜி கதையில் மாதிரி, எதை வாங்குகிறோம் என்பதில் வாங்குகிறவனுக்குக் கொஞ்சம் குழப்பம் இருந்தது. ஆட்டக்காரனையா, தேசத்தையா?

டல்லஸ் பெரிய அணியில் அவனுக்கு ஒப்பந்தம் கொடுக்கவில்லை. உரிமையை மட்டும் கையில் வைத்துக்கொண்டு, பக்கத்து ஃப்ரிஸ்கோவில் இருந்த தங்கள் குட்டி அணியான டெக்சாஸ் லெஜண்ட்ஸுக்கு அனுப்பினார்கள். அப்போது அந்த லீகில் வருடச் சம்பளம் 13,000 டாலரிலிருந்து 25,000 டாலர் வரை. நீண்ட பஸ் பயணம், மலிவு ஓட்டல், பாதி காலியாக இருக்கும் அரங்கம். இதெல்லாம் குறையில்லை. பராதிக்கும் காரைக்காலில் இதைவிட வசதி இருந்திருக்காது.

குறை வேறு இடத்தில். ஒரு பருவத்தில் அணி ஐம்பது ஆட்டம் ஆடும். முதல் பருவத்தில் சத்னாம் களத்தில் இறங்கியது பத்துக்கும் குறைவான ஆட்டங்களில். இறங்கினாலும் சராசரிக்குப் பத்து நிமிடம்கூட இல்லை, இரண்டு புள்ளிகூட இல்லை. பயிற்சிக்குப் பயிற்சி, சாப்பாட்டுக்குச் சாப்பாடு, எடைக்கு எடை எல்லாம் கொடுத்தார்கள், நிமிடம் கொடுக்கவில்லை. தேவிக்கோட்டை வாசலில் கிளைவைக் கூட்டிக்கொண்டு வந்து, ஓட்டை விழுந்த சுவரைக் காட்டி, நீ தெப்பத்திலேயே உட்கார்ந்து நன்றாகக் கவனி என்று சொன்ன கதை.

ஏன் கொடுக்கவில்லை என்று அந்தப் பக்கத்து நியாயமும் கேட்கவேண்டும். பையன் மெதுவாக ஓடுவான். அந்த வருடங்களில்தான் அமெரிக்கக் கூடைப்பந்தே தலைகீழாக மாறிக்கொண்டிருந்தது. கூடைக்கடியில் மலை மாதிரி நின்று பந்தை வாங்கிப் போடும் நெட்டையனுக்கு மவுசு போய், நெட்டையனும் வெளியே ஓடி வந்து தூரத்திலிருந்து எறிய வேண்டும், எதிராளியின் குட்டையனைத் துரத்தவும் வேண்டும் என்றாகிவிட்டது. தவிர, குட்டி அணியின் கோச்சுக்கும் வேலை நிலைக்க வேண்டும். அவருக்கும் ஜெயிக்க ஆசை. பெரிய அணியோ கூப்பிட்டுச் சொல்லவில்லை, இவனை இருபது நிமிடம் இறக்கு, தோற்றாலும் பரவாயில்லை என்று. சொல்லியிருந்தால் வேறு கதை.

வேறு கதை எங்கே நடந்தது என்றால், அதே சமயத்தில் டொராண்டோவில். பாஸ்கல் சியாக்கம் என்று கேமரூன் நாட்டுப் பையன். அப்பா அவனைப் பாதிரியாராக்கச் செமினரியில் சேர்த்திருந்தார். பதினேழு பதினெட்டு வயதில்தான் கூடைப்பந்தை ஒழுங்காகத் தொட்டான். 2016 டிராஃப்டில் 27ஆவது. பெரிய அணியில் ஆட்டம் தள்ளாடினதும் ராப்டர்ஸ் 905 என்கிற குட்டி அணிக்கு அனுப்பினார்கள். அனுப்பி, அவனைச் சுற்றியே ஆட்டத்தை அமைத்தார்கள். தப்பும் அவனுடையது, பந்தும் அவனுடையது. 2017இல் அந்தக் குட்டி லீக் பட்டத்தை 905 வென்றது, இறுதித் தொடரின் சிறந்த ஆட்டக்காரன் சியாக்கம். இரண்டே வருடம், 2019இல் என்பிஏ பட்டம் வென்ற டொராண்டோ அணியில் அவன் ஒரு தூண். சத்னாமுக்கும் இதே நிமிடங்களைக் கொடுத்திருந்தால் அவன் சியாக்கம் ஆகியிருப்பான் என்று நான் சத்தியம் செய்யமாட்டேன். ஒருவேளை ஆள் ஒத்துவரமாட்டான் என்பதாவது சீக்கிரம் தெரிந்திருக்கும். அதுவும் ஒரு படிப்புதான்.

மற்ற பையன்களுக்கும் ஏறக்குறைய இதே வாசல்தான். பல்பிரீத் சிங்கை 2016இல் லாங் ஐலண்ட் நெட்ஸ் எடுத்து, பருவம் தொடங்குமுன்பே கைகழுவியது. அம்ஜியோத் சிங் 2017இல் ஓக்லஹாமா சிட்டி ப்ளூவுக்குப் போய், கிடைத்த நேரத்தில் ஓரளவு மானமாக ஆடினார். பிரின்ஸ்பால் சிங்கைக் கத்துக்குட்டிகளுக்காகவே உருவாக்கிய இக்னைட் அணியில் சேர்த்தார்கள். கூட இருந்த ஜேலன் கிரீன் 2021 டிராஃப்டில் இரண்டாவது ஆளாகப் போனான். பிரின்ஸ்பால் விரல்விட்டு எண்ணும் ஆட்டங்களில்தான் இறங்கினான். அதே வருடம் சம்மர் லீகில் சாக்ரமெண்டோ கிங்ஸ் பட்டம் வென்றபோது அணியில் இருந்தான். இந்தியாவில் வேண்டிய அளவு பேப்பரில் படம் வந்தது.

நம் நாட்டில் கூடைப்பந்துக்குக் குட்டி லீக் இல்லை என்று சொல்ல முடியாது. இருக்கிறது, அதன் பெயர் ஸ்போர்ட்ஸ் கோட்டா. ரயில்வே, பாங்க், ஐசிஎஃப், போலீஸ். சென்னைப் பெண் அனிதா பால்துரை தெற்கு ரயில்வேயில் வேலை பார்த்துக்கொண்டே பத்தொன்பது வயதில் இந்திய அணிக்குத் தலைமை தாங்கி, 2021இல் பத்மஸ்ரீ வாங்கினார். சம்பளம் வரும், லீவு கிடைக்கும், ஆட்டத்துக்கு ஆட்டம் கோர்ட்டில் இறங்கலாம். இதில் ஒரே சிக்கல், ஆர்டர் கையில் வந்த அன்றே பாதிப்பேர் அப்பா அம்மாவுக்குப் போன் போட்டு ‘நான் செட்டிலாயிட்டேன்’ என்று சொல்லிவிடுகிறார்கள். கிளைவுக்கு அந்தக் குமாஸ்தா மேஜை நிரந்தரம் என்று ஆர்டர் வந்திருந்தால் அவன் துணிமூட்டையை எண்ணிக்கொண்டே பென்ஷன் வாங்கியிருப்பான். வங்காளம் தப்பித்திருக்கும், அது வேறு விஷயம்.

சத்னாம் இரண்டு பருவம் ஃப்ரிஸ்கோவில் உட்கார்ந்துவிட்டுத் திரும்பினார். வயது ஏறிவிட்டது, இனி அவர் என்றே சொல்கிறேன். கனடாவில் ஒரு பருவம். 2019இல் தெற்காசியப் போட்டிக்குக் கிளம்பும் சமயத்தில் ஊக்கமருந்துச் சோதனையில் சிக்கினார். இரண்டு வருடத் தடை. ஏழடி இரண்டு அங்குல ஆளுக்கு வீட்டில் உட்கார்ந்திருப்பது மற்றவர்களைவிடக் கஷ்டம்.

2021இல் ஏஇடபிள்யூ என்கிற அமெரிக்க மல்யுத்தக் கம்பெனி அவரை எடுத்தது. 2022 ஏப்ரலில் ஒரு நாள் அரங்கத்தில் விளக்கு அணைந்தது. விளக்கு வந்தபோது சமோவா ஜோ என்கிற மாமிச மலைக்கு எதிரில் அதைவிடப் பெரிய மலையாக சத்னாம் நின்றுகொண்டிருந்தார். ஜோவைப் போட்டு மிதித்தார். ஜனங்கள் கத்தினார்கள். மல்யுத்தத்தில் யார் ஜெயிப்பார்கள் என்பது முன்கூட்டியே எழுதப்பட்டிருக்கும் என்பது பள்ளிக்கூடப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். டல்லஸிலும் அப்படித்தான் எழுதியிருந்தார்கள். இங்கே ஸ்கிரிப்டில் சத்னாமுக்கு ஒரு வேஷம் இருக்கிறது, வாரச் சம்பளமும் நாலாயிரம் ரூபாயைவிட அதிகம்.